நடுத்துண்டு

"திறந்தாச்சு" என்று வயர்லெஸ்ஸில் சொல்லும்போது
இன்னும் ஒரு நொடி எனக்குத் தடுமாறும்.
யாருக்கு?
காருக்குத் திறந்தால் கப்பலுக்கு அடைப்பு.
கப்பலுக்குத் திறந்தாலோ
தேராவுக்கும் பர்துபாய்க்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இரவு பத்தேகாலுக்குக் கம்பு இறங்கும்.
இந்த முனையில் நான், அந்த முனையில் குல் ஜமான்,
ஆளுக்கோர் ஆணி உருவுவோம்.
ஆணி என்றால் தொடைக் கனம்,
கிரீஸ் வழியும் இரும்பு.
அவன் கரையோடு நின்றுகொள்வான்.
நான் துண்டோடு போக வேண்டியவன்.
இழுவைப் படகு கயிற்றை வாங்கியதும்
வெள்ளைக்கோடு, வேகப்பலகை, விளக்குக்கம்பத்தோடு
சாலையில் ஒரு துண்டு
தண்ணீருக்குள் நகர்ந்து போகும்.

"பாம்பன் மாதிரியா?" என்பான் மச்சினன் போனில்.
இல்லடா. அது கையைத் தூக்கும்.
இது பந்தியில் கோபித்துக்கொண்டு
எழுந்து போகிற மாதிரி.

போன வியாழன் ஆணியை உருவிவிட்டு நிமிர்ந்தால்
பின்னால் ஒரு பைக்.
பெட்டியில் பிரியாணி. ஹெல்மெட்டுக்குள் கோட்டைச்சாமி.
"கம்பு இறங்குறதுக்குள்ள வந்துட்டேண்ணே."
"வந்துட்ட. போறதுக்குத்தான் ரோடு இல்ல."

முன்னால் பத்தடி, இருபதடி, அறுபதடி
கறுப்புத் தண்ணீர்.
பின்னாலும் அதே.
ஸ்டாண்ட் போட்டான். வேறென்ன செய்ய.

போன் அடித்தது. கராமாவில் மூன்றாவது மாடி, நல்ல பசி.
"பாலத்துல இருக்கேன் மேடம்."
"பாலம் ரெண்டு நிமிஷம்தானே?"
"பாலம் போய்ட்டிருக்கு மேடம்."
அவள் நம்பவில்லை.
ஆனால் திரையில் அவனுடைய நீலப்புள்ளி
சாலையை விட்டு இறங்கி
கழிமுகத்துக்குள் தனியாக நடந்துகொண்டிருந்தது.
அவளும் பார்த்திருப்பாள்.
ரத்து.

முப்பத்திரண்டு திர்ஹாம் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
அவன் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தான்.
பிறகு பெட்டியைத் திறந்தான்.
"ஆறிரும்ணே, வாங்க."

தேராவில் இருப்பவன் எதிர்க்கரையை
"அந்தாண்ட" என்பான்.
பர்துபாய்க்காரனும் அதையேதான் சொல்வான்.
எங்களுக்கு அன்றைக்கு
அந்தாண்டை இரண்டு.
இந்தாண்டைக்கு
ஒரு டப்பா, எலுமிச்சைத் துண்டு, நாலு வெங்காய வளையம்.

மரக்கலம் வந்தது.
குளிர்பெட்டிகள், டயர்கள், உறை பிரிக்காத மெத்தைகள்,
எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளாடு.
சுக்கான் பிடித்தவன் எங்களைப் பார்த்தான்:
தண்ணீர் நடுவே தெருவிளக்கு,
அதனடியில் பைக்,
சம்மணம் போட்டு இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள்.
கை காட்டினான்.
ஏதோ கேட்டான், பலூச்சியோ பார்சியோ.
கோட்டைச்சாமி, "மட்டன் இல்ல, சிக்கன்" என்றான்.
ஆடு திரும்பிப் பார்த்தது.

அக்கரையில் டார்ச் மூன்று முறை மின்னியது.
குல் ஜமான்.
நாலு வருடத்தில் அவன் முகத்தைவிட
அந்த வெளிச்சத்தைத்தான் எனக்கு அதிகம் தெரியும்.
ஒருமுறை மின்னினால் சரி,
இரண்டென்றால் கயிறு.
மூன்றுக்கு எங்களிடம் அர்த்தமே கிடையாது.
"யாருண்ணே அது?"
"கூட்டாளி."
கேட்டதும் டப்பாவில் மிச்சமிருந்த லெக்பீஸை
அவன் மூடியில் தனியாக எடுத்து வைத்தான்,
பார்த்தே இராதவனுக்கு.

துண்டு திரும்பி வந்து முட்டியது.
ரப்பர் முனகியது.
ஆணி இறங்க அன்றைக்கு மூன்று அடி கூடுதலாகக் கேட்டது.
காத்திருக்க அந்தக் கரையில் இனி யாருமில்லை,
வந்த வழியே அவன் திரும்பியிருக்கலாம்.
முன்னால்தான் ஓட்டினான்.
இணைப்பில் சக்கரம்
தட்,
தட்.
தூரத்தில் பிரேக் விளக்கு சிவந்து நின்றது.
பக்கத்தில் டார்ச்சும் நின்றது.
இரண்டும் வெகுநேரம் அசையவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
கப்பல் ஒன்று. நாற்பது நிமிடம்.
தடங்கல் ஏதுமில்லை.